லொறியில் வந்த மண்

ஜப்பான்
மார்ச் 8, 2026

அக்காவுக்கு,

யாருக்கோ வந்த கடிதம் தவறி உங்கள் கைக்கு வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். துஷாந்த்தான் எழுதுகிறேன். மூன்று வருடமாக என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். செல்லசாமி மச்சானின் ஃபோனுக்கு எடுத்தால், அவர் முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கிறார் போலிருக்கிறது. பிறகு சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறார். தபால்காரரை எப்படித் தடுக்கிறீர்கள் என்று பார்ப்போம்.

கார்த்திகை மழையில் நம் மலை சரிந்ததை நான் ஃபோனில் பார்த்தேன். யாரோ எடுத்த வீடியோவில் நம் லயத்து வீடுகளின் கூரைத் தகரம் சேற்றில் கிடந்தது. தோட்டத் தலைவர் அழகுமுத்து அண்ணன்தான் எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்கள், பிள்ளைக் காம்பராவில் தங்க வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். அதுவரை நான் சாப்பிடவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் இருக்கும் இடமும் மலைதான். தேயிலை இல்லை. நெல், பனி, கிழவர்கள். இந்த மாவட்டத்துக்கு இருக்கிற ஒரே பெருமை டைனோசர் எலும்பு. ஸ்டேஷன் வாசலில் டைனோசர், பாலத்துக் கைப்பிடியில் டைனோசர், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பாட்டிமார் குடிக்கும் கோப்பையிலும் அதுதான். உலகம் முழுவதிலிருந்தும் படித்தவர்கள் இந்த மலையைத் தோண்ட வருகிறார்கள்.

போன லீவில் எங்களையும் கூட்டிப் போனார்கள். மலையை வெட்டி எடுத்த கல்லை ஓரிடத்தில் குவித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு சுத்தியல் தருவார்கள், உடைத்துத் தேட வேண்டும். கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார் என்று அங்கே வேலை செய்யும் அம்மா சொன்னார். எலும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்குமாம், அதனால் நாக்கில் ஒட்டிக்கொள்ளுமாம். கல் ஒட்டாது. நான் நக்கியதெல்லாம் கல்.

மருமகள் தனுஜாவுக்கு இதைச் சொல்லுங்கள், சிரிப்பாள். நீங்கள் சிரிக்க வேண்டாம். ஒரு வரி எழுதினால் போதும்.

துஷாந்த்


உடப்புசல்லாவை
ஏப்ரல் 2, 2026

துஷாந்துக்கு,

தபால்காரரைத் தடுக்க முடியவில்லை. வந்த கடிதத்தை அடுப்பில் போடத்தான் நினைத்தேன், உன் மருமகள் பிடுங்கி வாசித்துவிட்டாள்.

கல்லை நக்க உனக்கு லீவு கிடைக்கிறது. அப்பாவுக்கு ஒரு பிடி மண் போட லீவு கிடைக்கவில்லை. அப்பா கிடக்கும் இடத்தில் வந்து நின்றுவிட்டு அப்புறம் என்னோடு பேசு என்று அன்றைக்கே சொன்னேன். அதில் மாற்றமில்லை. எழுதுவது பேசுவது ஆகாது, அதனால் எழுதுகிறேன்.

பிள்ளைக் காம்பராவில் ஆறு குடும்பம் இருக்கிறோம். பகலில் கைப்பிள்ளைகள் தொட்டிலில் கிடக்கும், அவர்களைப் பார்ப்பது என் வேலை. இரவில் அதே தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் போடுகிறோம். தனுஜாவுக்கு இந்த வருடம் ஓ.எல். சோதனை. கக்கூசுக்குப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். உன் மச்சானின் தலையணை, தூங்க இடம் தேடி, தினம் ஒரு பக்கம் மாறுகிறது.

லயத்துச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மேலே யாரும் போகக் கூடாதென்று சிவப்புப் பலகை வைத்துவிட்டார்கள். மயானத்துக்குப் போகும் பாதையும் போய்விட்டது. சரிவு மயானத்துக்குக் கீழேதான் தொடங்கியது, மேலே ஒன்றும் ஆகவில்லை என்று மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சொன்னார். அவர் சொன்னால் சரியாக இருக்கும். அப்பா பத்திரமாக இருப்பார்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. ஆற்றோரச் சமதரையில் பன்னிரண்டு குடும்பத்துக்கு வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச் காணி, உறுதிப் பத்திரத்தோடு. சீட்டுக் குலுக்கினோம். எனக்கு மூலைக் காணி விழுந்தது, அதில் பாதி பள்ளம். நான் அழுதுவிட்டேன். பிறகு தோட்டத்தாரே ரோட்டில் சரிந்து கிடந்த மண்ணைப் பெக்கோ மெஷினால் அள்ளி, லொறி லொறியாகக் கொண்டுவந்து என் பள்ளத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். ரோட்டுக்கும் வழி கிடைத்தது, எனக்கும் தரை கிடைத்தது. முதல் லொறி வந்ததும் தேங்காய் உடைத்தோம். கொட்டிய மண்ணுக்கு மஞ்சள் தெளித்துச் சூடம் காட்டினேன். விழுந்து கும்பிட்டேன். இத்தனை தலைமுறையில் நமக்கென்று யாராவது ஒரு கூடை மண்ணாவது கொடுத்திருக்கிறார்களா?

வீடு கட்டாமல் விடமாட்டேன். யார் குறுக்கே வந்தாலும் சரி.

நாகலெட்சுமி


ஜப்பான்
ஏப்ரல் 24, 2026

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று கிழவர்களைக் குளிப்பாட்டினேன். ஓரம் நனைந்துவிட்டது, எழுத்து அழியவில்லை.

அப்பா இறந்தபோது நான் இங்கே வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒப்பந்தத்தில் முதல் வருடம் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாதென்று இருந்தது. அப்பாவே ஆஸ்பத்திரியிலிருந்து, "நா செத்தாலும் நீ வரவேணாம்டா, வந்தா மறுபடி மலைதான்" என்று சொன்னார். அதை உங்களிடம் பல தடவை சொல்லப் பார்த்தேன். நீங்கள் கேட்கவில்லை. இப்போது எழுதிவிட்டேன், இனி உங்கள் பாடு.

காணி கிடைத்ததற்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அத்திவாரம் வெட்டும்போது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் தனுஜாவை. மலை சரிந்த மண் என்கிறீர்கள், உள்ளே ஏதாவது எலும்பு கிலும்பு கிடந்தால் விடாதீர்கள். இந்த ஊரும் ஒரு காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஊர்தானாம். மலையில் யாரோ ஒரு பல்லைக் கண்டெடுத்த பிறகுதான் ரோடு வந்தது, பஸ் வந்தது, ஹோட்டல் வந்தது.

விளையாட்டுக்குத்தான் சொல்கிறேன். கோபிக்காதீர்கள்.

துஷாந்த்


உடப்புசல்லாவை
மே 19, 2026

துஷாந்த்,

உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். இல்லை, உதைக்க வேண்டும். எது என்று தெரியவில்லை.

அத்திவாரம் வெட்டத் தொடங்கி இரண்டாம் நாள் உன் மச்சானின் அலவாங்கில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தால் எலும்பு. முழங்கை நீளம், இரண்டு பக்கமும் உடைந்திருந்தது, மண்ணின் நிறமே ஏறியிருந்தது. மாட்டெலும்பு என்று கண்டாக்கையா வீசச் சொன்னார். நம் தோட்டத்தில் எந்த மாட்டை இவ்வளவு ஆழத்தில் புதைத்தார்கள் என்று எனக்குள் ஒரு குடைச்சல். எடுத்துக் கழுவி, அடுப்புப் பக்கத்தில் காய வைத்தேன். பிள்ளைகள் எல்லாம் தூங்கிய மதிய நேரத்தில் நீ சொன்னபடி நாக்கை வைத்துப் பார்த்தேன்.

ஒட்டியது, துஷாந்த். இழுத்துத்தான் எடுத்தேன். தனுஜாவும் வைத்துப் பார்த்தாள், அவளுக்கும் ஒட்டியது. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. இது அந்த மிருகத்தின் எலும்பாக இருந்தால் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். கயிறு கட்டுவார்கள். மற்ற பதினொரு பேரும் வீடு கட்டிக் குடிபோவார்கள், நான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். ஊருக்கு ரோடும் பஸ்ஸும் வரட்டும், என் வீட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

அதனால் யாருக்கும் சொல்லவில்லை. தனுஜா எடுத்த படங்களை உடப்புசல்லாவைக் கடையில் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு துண்டு கிடைத்தது, அதுவும் படத்தில் இருக்கிறது. அங்கே அந்த அம்மாவிடம் ரகசியமாகக் காட்டிக் கேள். ஊர் பெயர் சொல்லாதே. மாடு என்று அவர் சொல்லிவிட்டால் நான் நிம்மதியாகச் சுவர் எழுப்புவேன்.

அப்பா உன்னிடம் அப்படிச் சொன்னாரா? என்னிடம் "அவன் வந்துட்டானா, வந்துட்டானா" என்று கேட்டுக்கொண்டே போனார். இரண்டும் அவர்தான். எனக்குத் தெரியவில்லை யாரைக் கோபிப்பது என்று.

அக்கா


ஜப்பான்
ஜூன் 7, 2026

அக்கா,

இதை உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். பக்கத்தில் மச்சான் இருக்கட்டும். தனுஜாவிடம் கொடுக்காதீர்கள்.

லீவு கேட்டு நேற்று அந்த இடத்துக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு என்னை நினைவிருந்தது, நக்கிக்கொண்டே இருந்த வெளிநாட்டுக்காரர் என்று சிரித்தார். படத்தைக் கொடுத்தேன். முதல் படத்தைப் பார்க்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டாவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். அவரும் பார்த்தார். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு அந்த அம்மா படங்களை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, என்னிடம் திருப்பித் தந்தார். இது எந்த மிருகமும் இல்லை, பழையதும் இல்லை, மனிதருடையது, பொலிசுக்குச் சொல்லுங்கள் என்றார். நாக்கில் ஒட்டுவது எலும்பு என்பதற்குத்தான் அடையாளம், எந்த எலும்பு என்பதற்கு இல்லையாம். நான் பாதியைத்தான் கேட்டுக்கொண்டு உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

அக்கா, அந்த மண் ரோட்டுக்கு எங்கிருந்து வந்தது? மயானம் அப்படியே இருக்கிறதென்று கண்டாக்கையா சொன்னார் என்கிறீர்கள். அவர் மேலே ஏறிப் பார்த்தாரா? யாராவது பார்த்தீர்களா?

நீங்கள் இன்னும் அங்கே தோண்டிக்கொண்டிருக்கிறீர்களா? நிறுத்துங்கள். இந்தக் கடிதம் வந்து சேர இரண்டு வாரமாகும். மச்சானுக்கும் அழகுமுத்து அண்ணனுக்கும் எடுத்தேன், சிக்னல் இல்லை என்று இந்த முறை இயந்திரமே சொன்னது.

துஷாந்த்


உடப்புசல்லாவை
ஜூன் 9, 2026

துஷாந்த்,

உன் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

நேற்று மழை. அத்திவாரக் குழியின் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. காலையில் தண்ணீர் இறைக்கப் போனோம். இடிந்த பக்கத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. லொறி மண்ணில் இரும்புத் துண்டு வருவது வழக்கம்தானே, பிடித்து இழுக்கப் போனேன். வரவில்லை. கையால் மண்ணை வழித்தேன். கம்பியைச் சுற்றி எலும்பு இருந்தது. எலும்பில் பக்கத்துக்குப் பக்கம் திருகாணி.

உனக்குத் தெரியும். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும்போது மலையிலிருந்து உருண்டு தொடை எலும்பை உடைத்துக்கொண்டவர் நம் தோட்டத்தில் ஒருவர்தான். கண்டி ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் துணைக்குக் கிடந்தவன் நீ. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க பாருக்கா, அப்பா காலுக்குள்ள தொங்கு பாலம்" என்று எனக்குக் காட்டியவனும் நீதான்.

நான் கத்தவில்லை. உன் மச்சான்தான் கத்தினார். நான் குழியிலேயே உட்கார்ந்திருந்தேன். "இராமையா மகளே, ஏறி வா" என்று யார் யாரோ கூப்பிட்டார்கள். எனக்கு ஏறத் தோன்றவில்லை.

அழகுமுத்து அண்ணன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சிவப்புப் பலகையைத் தாண்டி மேலே ஏறினார். வெறும் கையோடு திரும்பி வந்தார். "மயானம் இல்ல தங்கச்சி. மலையே இல்ல" என்றார். கம்பெனிக் காணியில் சீமெந்து வைக்கக் கூடாதென்று கல்லறை கட்டவிடாததால், பூச்செடியை மட்டும் நட்டு அடையாளம் வைத்துக்கொண்டு வந்த கூட்டம் நாம். ரோட்டில் கிடந்ததை வெறும் மண் என்று பெக்கோக்காரன் நினைத்தான். நாமும்தான் நினைத்தோம். உயிரோடு இருப்பவர்களை மட்டும்தான் அன்றைக்கு எண்ணிப் பார்த்தோம்.

சூடம் காட்டினேனே, துஷாந்த். தேங்காய் உடைத்தேனே.

முந்திக் கிடைத்த அந்தத் துண்டு யாருடையது என்று தெரியவில்லை. அப்பாவுடையதாகவும் இருக்கலாம். நினைவு வந்ததும் ஓடிப்போய் வாய் கொப்பளித்தேன். உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். அவர் மென்று கொடுத்த வெற்றிலையைத் தின்று வளர்ந்தவள் நான்.

அக்கா


ஜப்பான்
ஜூன் 30, 2026

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை தொடங்கிவிட்டேன்.

இன்றைக்கும் வேலைக்குப் போனேன். கால் உடைந்த ஒரு கிழவரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்க வேண்டும். தொடையைப் பிடித்த கையை என்னால் எடுக்க முடியவில்லை. அவர் என் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

அப்பா மண்ணுக்கு வந்து நில் என்றீர்கள். நான் வந்திருந்தாலும் எங்கே நின்றிருப்பேன்?

கம்பெனியை விடாதீர்கள். பொலிசில் எழுதிக்கொடுங்கள். பெக்கோ வந்த நாள், கண்டாக்கையா சொன்னது, எல்லாம். ஆனால் வீட்டை நிறுத்தாதீர்கள். நான் சொல்வது உங்களுக்குக் கசக்கும். எலும்புகளை எடுத்து வேறு இடத்தில் மரியாதையாக அடக்கம் செய்துவிட்டு, மண்ணை மாற்றச் சொல்லுங்கள், கட்டுங்கள். தனுஜா இன்னும் எத்தனை நாள் படிக்கட்டில் படிப்பாள்? அந்தக் காணியை விட்டால் இன்னொன்று தருவார்களா? அப்பா இருந்திருந்தால் "நா எந்திரிச்சு ஒதுங்கிக்கிறேன், நீ கட்டு" என்றுதான் சொல்லியிருப்பார்.

எனக்கு டிசம்பரில் லீவு தருவார்கள்.

துஷாந்த்


உடப்புசல்லாவை
ஆகஸ்ட் 3, 2026

துஷாந்துக்கு,

பொலிஸ் வந்தது. ஆஸ்பத்திரி டொக்டரும் வந்து பார்த்தார். முன்பே அடக்கம் செய்யப்பட்டவர்கள்தான், குற்றம் ஏதுமில்லை, எடுத்துப் புதைத்துக்கொள்ளலாம் என்று எழுதித் தந்தார்கள். குற்றம் ஏதுமில்லையாம்.

உன் யோசனைதான் முதலில் எனக்கும் இருந்தது. மண்ணைச் சலித்தோம். எல்லாக் குடும்பமும் வந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு வருவது போல ஒருவர் பின்னால் ஒருவர் வந்து நின்றார்கள். அப்பாவைத் தவிர ஒருவரையும் இன்னார் என்று சொல்ல முடியவில்லை. பூரணி தன் ஆறு மாதப் பிள்ளையை அந்த மயானத்தில்தான் கொண்டுபோய் வைத்தாள், உனக்கு நினைவிருக்கும். சின்னதாக ஏதாவது கையில் பட்டால் எல்லோரும் அவளைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். கடைசியில் அவளே, "பிரிக்காதீங்க. எம்புள்ளைக்குத் துணைக்கு ஆள் இருக்கட்டும். எல்லாத்தையும் ஒண்ணாவே வைங்க" என்றாள். அதோடு சலிப்பதை நிறுத்தினோம். எவ்வளவு சலித்தாலும் எலும்பு போய் மண் மட்டும் மிஞ்சாது. மண்ணே அவர்கள்தான்.

எங்கே வைப்பது என்றுதான் சண்டை. தோட்டத்துரை வேறொரு மூலையைக் காட்டினார். உறுதிப் பத்திரம் உண்டா என்று அழகுமுத்து அண்ணன் கேட்டார். மயானத்துக்கு எதற்கு உறுதி, இத்தனை காலமும் இருந்ததா என்றார் துரை. "இல்லாததாலதாங்க தொர, அள்ளிட்டுப் போனீங்க" என்றார் அண்ணன். தோட்டத்தில் நமக்கென்று உறுதி உள்ள நிலம் பன்னிரண்டு காணிகள்தான். அதில் ஒன்றை விட்டால் வேறு வழியில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் என் குழியைப் பார்த்தார்கள்.

யாராவது ஒருவர் தன் காணியைத் தருகிறேன் என்று சொல்லமாட்டார்களா என்று நானும் காத்திருந்தேன். அந்த நிமிடம் அத்தனை பேரையும் வெறுத்தேன். பூரணி மட்டும் முன்னால் வந்தாள். அவளுக்குப் படுத்த படுக்கையாக மாமியார், மூன்று பிள்ளைகள். அவள் வாயைத் திறக்குமுன், என் காணியைத் தருகிறேன் என்று நான் சொல்லிவிட்டேன்.

நான் நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தத் தரையின்மேல் அடுப்பு மூட்டி உலை வைக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். உன் மச்சான் நான்கு நாள் தலையணையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் படுத்தார். தனுஜா, "எனக்கு மேசை போட எடம் வேணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையாம்மா?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. இனி எனக்குக் காணி கொடுக்க மாட்டார்கள், ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் என்று எழுத்தில் தந்துவிட்டார்கள்.

ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை ஒரே பாடை கட்டினோம். தப்பு மேளம் அடித்தார்கள். எல்லா வீட்டு ஆம்பிளைகளும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். அப்பாவை நான் தனியாக வைக்கச் சொல்லவில்லை. உன் பங்குக்கும் சேர்த்து இரண்டு பிடி மண் போட்டேன். பிறகு சீமெந்து போட்டோம். யாரைக் கேட்பது என்று பழக்கதோஷத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கேட்க யாரும் இல்லை. நிலம் என் பெயரில் இருக்கிறது.

பதினொரு வீட்டுக்கும் கூரை ஏறிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் இன்னும் பிள்ளைக் காம்பராவில்தான் இருக்கிறோம்.

டிசம்பரில் வா. வந்தால் படுக்க வைக்க என்னிடம் இடமில்லை. அப்பா எங்கே என்று நீ கேட்டால் காட்ட இடம் இருக்கிறது.

அக்கா